குளிர்ப்பெட்டிக்குள் இருந்த வரலாறு

மாணவ நண்பர்களே,

திண்டிவனத்துக்குத் தெற்கே, கூட்டேரிப்பட்டிலிருந்து புதுச்சேரியை நோக்கிச் செல்லும் சாலையில் மயிலம் என்னும் ஊர் இருக்கின்றது. ஊரின் நடுவே சிறிய குன்று. குன்றின்மேல் முருகப்பெருமான் கோயில். போரில் தோற்ற சூரபதுமன் இங்கே மயில் வடிவ மலையாகித் தவம் கிடந்தான் என்பது தலபுராணச் செய்தி. எதிர்த்து வந்தவனை ஒழித்துவிடாமல், அவனையே மயிலாகவும் சேவலாகவும் ஆக்கித் தன்னுடன் வைத்துக்கொண்டான் முருகன் என்று பங்குனி உத்திரத் திருவிழாவில் பெரியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். பின்னர்ப் பள்ளியில் பல ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றேன். பௌதிகம் என் துறையன்று. ஆயினும், பௌதிகத்தின் வரலாற்றில் ஒரு சிறு பகுதியை அறியாமல் இருந்ததற்காக நான் வருந்திய ஓர் இரவு உண்டு. அந்த இரவிலிருந்தே இந்தப் பேச்சைத் தொடங்குகின்றேன்.

2024-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் இரவு 'ஃபெஞ்சல்' என்னும் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தது. கடந்த புயல் விரைந்து அகலவில்லை. பல மணி நேரம் ஏறத்தாழ அதே இடத்தில் நின்று பெய்தது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் மட்டும் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஒரு பருவத்தில் பெய்யவேண்டிய மழையில் பெரும்பங்கு ஒரே நாளில் கொட்டிவிட்டது என்று சொல்லலாம். ஏரிகள் நிறைந்தன, சாலைகள் ஆறுகளாயின, மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரம் நின்றது. சற்று நேரத்தில் கைபேசிகளும் ஒவ்வொன்றாக உயிரிழந்தன.

எங்கள் வீட்டில் ஒரு சிறிய வானொலிப் பெட்டி இருந்தது. இரண்டு பாட்டரிக் கட்டைகளால் இயங்குவது. அதுதான் அன்று எங்களுக்குச் செவியாக இருந்தது. முதல் நாள் முழுவதும் அது பேசிற்று. டிசம்பர் முதல் நாள் மாலையில் குரல் மெலிந்தது. இரவு அறவே நின்றது. கடைகள் எல்லாம் நீருக்குள் இருந்தமையால் புதிய பாட்டரி வாங்க வழியில்லை.

என் தமக்கையாரின் குடும்பம் தென்பெண்ணை ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் வாழ்கின்றது. சாத்தனூர் அணை நிரம்பி வருகின்றது என்பதுதான் வானொலி ஓய்வதற்கு முன் நாங்கள் கேட்ட கடைசிச் செய்தி. அதற்குப்பின் நடந்தது ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. அன்றிரவு முடிவதற்குள், அதாவது டிசம்பர் 2-ஆம் நாள் விடியற்காலையில், அணையிலிருந்து வினாடிக்கு 1½ இலட்சம் கன அடிக்கும் மேற்பட்ட நீர் திறந்துவிடப்பட்டது. மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றின் முன்னால், பேசாத வானொலியைக் கையில் வைத்துக்கொண்டு, நானும் என் அன்னையாரும் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தோம். செய்தியைக் கேட்டிருந்தால் மட்டும் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்திருக்க முடியாதுதான். ஆயினும், அறிந்து கலங்குவது வேறு. அறியாமல் கலங்குவது வேறு. தமக்கையாரும் பிள்ளைகளும் பள்ளிக்கூட மாடியில் ஏறித் தப்பினார்கள் என்பதும், இரண்டு பசுக்கள் வெள்ளத்தோடு போயின என்பதும், அடுத்த நாள் மாலையில் ஆள்மூலம் வந்த செய்திகள்.

வெள்ளம் வடிந்தபின் வீட்டைத் துப்புரவு செய்தோம். நீரில் ஊறிக் கெட்டவற்றுள் ஒரு சிறிய குளிர்ப்பெட்டியும் இருந்தது. அன்னையாரின் மருந்துகளைச் சித்திரை வெயிலில் காப்பதற்காகச் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கியது. பழைய இரும்பு வாங்குவோரிடம் போடுவதற்காக அதைத் திண்ணையில் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு இளைஞன், கல்லூரியில் பௌதிகம் படிப்பவன், அதைப் பார்த்தான்.

"ஐயா, இதைத் திறந்து பார்க்கலாமா?" என்றான்.

"பார், தம்பி. இனி அது என்னத்துக்கு ஆகும்?" என்றேன்.

பெரிய குளிர்சாதனப் பெட்டிகளில் இருப்பதுபோல் அமுக்கியும் குழாய்களும் வாயுவும் அதற்குள் இல்லை. பக்கத்திற்கு 4 சென்டிமீட்டர் நீளமுள்ள சதுரமான வெள்ளைச் சில்லு ஒன்று இருந்தது. தடிப்பு 4 மில்லிமீட்டரும் இராது. அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு கம்பிகள் புறப்பட்டன. அதன் ஒரு முகத்தை ஒட்டி அலுமினியத் தகடு. மறு முகத்தை ஒட்டி மடிப்பு மடிப்பான அலுமினிய விசிறிக் கட்டை. அதன்மேல் சிறு மின்விசிறி. கெட்டுப்போனவை விசிறியும் மின்சுற்றுப் பலகையுமே. சில்லுக்கு ஒரு குறையும் இல்லை. அசையும் உறுப்பு ஒன்றுமில்லாத அந்தச் சில்லுதான் இத்தனை ஆண்டுகளாக மருந்துகளைக் குளிர்வித்திருக்கின்றது!

"இதற்கு மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். இதையே திருப்பி ஒரு பக்கத்தைச் சுட வைத்து மறுபக்கத்தைக் குளிர வைத்தால் மின்சாரம் கொடுக்கும், ஐயா" என்றான் அவன்.

நான் திடுக்கிட்டேன். அந்த இரவில் எங்கள் முன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்கில் சூடு இருந்தது; வீட்டைச் சுற்றிக் குளிர்ந்த நீர் இருந்தது; இடையே இந்தச் சில்லும் இருந்தது. வானொலி மட்டும் ஊமையாக இருந்தது! இந்தச் சில்லு எங்கிருந்து வந்தது என்று அறியும் ஆவல் அன்றே எனக்கு உண்டாயிற்று. நூல்களைத் தேடிப் படித்தேன்.

இக்கதையின் தொடக்கம் 1820-ஆம் ஆண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த ஓர்ஸ்டெட் என்பவர், மின்சாரம் ஓடும் கம்பியின் அருகில் காந்த ஊசி திரும்புவதைக் கண்டறிந்தார். ஐரோப்பா முழுவதும் அறிஞர்கள் காந்த ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுள் ஒருவர் பெர்லினில் இருந்த தாமஸ் சீபெக். அவர் 1821-ஆம் ஆண்டில் இரண்டு வெவ்வேறு உலோகங்களை இணைத்து ஒரு வளையம் செய்து, இரண்டு இணைப்புகளுள் ஒன்றை மட்டும் சூடாக்கினார். அருகிலிருந்த காந்த ஊசி திரும்பியது. சூடு உலோகத்தைக் காந்தமாக்கிவிட்டது என்று அவர் கருதினார். பூமியின் காந்தத்துக்கும், வெப்பமண்டலத்துக்கும் துருவங்களுக்கும் இடையிலுள்ள வெப்ப வேறுபாடே காரணமாகலாம் என்றுகூட எண்ணினார். ஊசியைத் திருப்பியது வளையத்தில் ஓடிய மின்சாரமே என்பதை உணர்த்தி, 'வெப்ப மின்சாரம்' என்ற பெயரை வழங்கியவர் ஓர்ஸ்டெட். கண்டவர் ஒருவர், கண்டது இன்னதென்று சொன்னவர் மற்றொருவர்.

13 ஆண்டுகள் கழித்து, 1834-இல், பாரிஸ் நகரில் பெல்டியர் என்பவர் இதன் மறுபக்கத்தைக் கண்டார். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். கடிகாரத் தொழில் செய்து, ஏறத்தாழ முப்பது வயதில் அத்தொழிலை விட்டு ஆராய்ச்சியில் இறங்கியவர். இரண்டு உலோகங்களின் இணைப்பு வழியே மின்சாரத்தைச் செலுத்தியபோது அந்த இடத்தில் வெப்பநிலை மாறுவதைக் கண்டார். ஆனால், அதன் முழுப் பொருளும் அவருக்கு விளங்கவில்லை.

விளக்கியவர் ரஷ்ய நாட்டில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த லென்ஸ். 'லென்ஸ் விதி' என்று உங்கள் பாடநூலில் படிக்கின்றீர்களே, அந்த லென்ஸ்தான். 1838-ஆம் ஆண்டு அவர் செய்த சோதனையைப் போல் எளியதும் அழகியதும் அரிது. பிஸ்மத் கோலையும் ஆன்டிமனி கோலையும் இணைத்து, இணைப்பில் சிறு குழி செய்து, அதில் ஒரு துளி நீரை வைத்தார். மின்சாரத்தை ஒரு திசையில் செலுத்தினார். துளி உறைந்து பனிக்கட்டி ஆயிற்று. மின்சாரத்தின் திசையை மாற்றினார். பனிக்கட்டி உருகி மீண்டும் நீராயிற்று. என் அன்னையாரின் மருந்துப் பெட்டிக்கு மூல வடிவம் அந்த ஒரு துளி நீரே.

அந்தக் காலத்தில் நம் நாட்டில் பனிக்கட்டி எவ்வாறு கிடைத்தது என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வணிகரான பிரடெரிக் டியூடர் என்பவர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறையும் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி உலகெங்கும் விற்றார். 1833-இல் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் கல்கத்தாவுக்குப் புறப்பட்டு, நான்கு மாதம் கடல்வழி வந்து சேர்ந்தபோது ஏறத்தாழ 100 டன் மீந்திருந்தது. சென்னைக் கடற்கரையில் அவ்வாறு வரும் பனிக்கட்டியைச் சேமித்து வைக்க 1842-ஐ ஒட்டி எழுந்த கட்டடமே 'ஐஸ் ஹவுஸ்'. லென்ஸ் ஒரு துளி நீரை மின்சாரத்தால் உறையவைத்துச் சில ஆண்டுகள் ஆன பின்னும், சென்னைக்குக் குளிர்ச்சி பாஸ்டனிலிருந்து கப்பலேறி வந்தது. ஓர் உண்மையைக் கண்டுபிடிப்பதற்கும் அது நம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதற்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவு.

பின்னர், இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை வந்தது. கப்பல் வாணிகம் நசித்தது. ஐஸ் ஹவுஸுக்கு வேலையில்லாமற் போயிற்று. ஆயினும் அதை யாரும் இடித்துத் தள்ளவில்லை. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி இல்லமாக்கினார். 1897-இல் மேனாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் அங்கேதான் தங்கினார். பிற்காலத்தில் இளம் கைம்பெண்கள் தங்கிப் படிப்பதற்குச் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் நடத்திய விடுதி அங்கே இருந்தது. இன்று அது விவேகானந்தர் இல்லம். பழைய குளிர்ப்பெட்டிக்குப் புது வாழ்வு தருவது சென்னைக்குப் புதியதன்று. அந்தப் பெட்டி கட்டடமாக இருந்தது என்பதே வேறுபாடு.

சீபெக், பெல்டியர் இவர்களுடைய கண்டுபிடிப்புகள் நெடுங்காலம் சோதனைச்சாலையை விட்டு வெளியே அதிகம் வரவில்லை. காரணத்தை 1909-ஆம் ஆண்டிலும் 1911-ஆம் ஆண்டிலும் ஆல்ட்டன்கிர்க் என்ற ஜெர்மானியர் கணக்கிட்டுக் காட்டினார். இவ்வேலைக்கு உரிய பொருள் மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்தவேண்டும், வெப்பத்தைக் கடத்தக்கூடாது. வெப்பம் எளிதில் பாய்ந்தால் சூடான முகமும் குளிர்ந்த முகமும் விரைவில் ஒன்றாகிவிடும் அல்லவா? உலோகங்களோ ஒன்றைக் கடத்தினால் மற்றதையும் கடத்துவன. பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவர மரத்தூள் கிடைத்தது. உலோகத்துக்குள் மரத்தூளை எங்கே வைப்பது?

இச்சிக்கலுக்கு விடையாக அமைந்தவை குறைகடத்திகள். லெனின்கிராடில் இருந்த ஆபிராம் இயோஃபி என்னும் அறிஞர் இவற்றின் ஆற்றலை முன்னரே உணர்ந்து உழைத்தவர். இரண்டாம் உலகப்போரில், காடுகளில் மறைந்திருந்து போரிட்ட சோவியத் வீரர்களுக்கு ஒரு விந்தையான பாத்திரம் கிடைத்தது. அதில் நீரை நிரப்பி நெருப்பின்மேல் தொங்கவிட்டால் நீரும் கொதிக்கும். பாத்திரத்தின் அடியில் பொருத்திய வெப்ப மின் இணைப்புகளிலிருந்து சில வாட் மின்சாரமும் கிடைக்கும். அதைக்கொண்டு அவர்கள் வானொலிக் கருவியை இயக்கிச் செய்தி அனுப்பினார்கள். நெருப்பின் பக்கம் பெருஞ்சூடு. கொதிநீரின் பக்கம் 100 பாகைக்கு மேல் ஏறாது. கொதிக்கும் நீரே அங்கே 'குளிர்ந்த' பக்கம்!

போருக்குப் பின், மின்சாரம் எட்டாத சோவியத் சிற்றூர்களுக்காக மண்ணெண்ணெய் விளக்கின்மேல் பொருத்தும் கருவி ஒன்று செய்யப்பட்டது. விளக்கின் கண்ணாடிக்கு மேலே, சுற்றிலும் உலோக இறகுகள் விரிந்த ஒரு குழல். உள்ளே விளக்கின் அனல். வெளியே இறகுகளைத் தழுவும் காற்று. இடையே துத்தநாகமும் ஆன்டிமனியும் கலந்த பொருளும் கான்ஸ்டன்டன் என்னும் உலோகக் கலவையும் இணைந்த கட்டைகள். ஒரே விளக்கு, வீட்டுக்கு ஒளியும் தந்து வானொலியையும் பேசவைத்தது. இந்தச் செய்தியை நான் படித்தபோது என் கையில் இருந்த புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். டிசம்பர் முதல் நாள் இரவு என் முன்னால் எரிந்த விளக்கும், என் கையிலிருந்த ஊமை வானொலியும் என் கண்முன் வந்தன.

1954-இல் இங்கிலாந்தில் கோல்ட்ஸ்மிட் என்பவரும் அவருடைய துணைவரும் பிஸ்மத்தும் டெல்லுரியமும் சேர்ந்த குறைகடத்தி குளிர்விப்பதற்கு மிக ஏற்றது என்று காட்டினார்கள். இன்றும் நம் சில்லுகளில் உள்ளது அந்தப் பொருளே. எங்கள் சில்லின்மேல் 'டி.இ.சி.1-12706' என்று எழுதியிருந்தது. அதில் 127 என்பது உள்ளே வரிசையாக நிற்கும் இணைகளின் எண்ணிக்கை; இறுதியிலுள்ள 6, அது தாங்கும் மின்னோட்டம் 6 ஆம்பியர் என்பதற்கு அறிகுறி. சீபெக்கின் ஒரு வளையம் அங்கே 127 மடங்காகி நிற்கின்றது.

படித்ததைச் செய்து பார்க்கவேண்டும் என்று நானும் அந்த இளைஞனும் முடிவு செய்தோம். திண்டிவனத்தில் பழைய சாமான் கடையொன்றில், குடிநீரைக் குளிர்விக்கும் உடைந்த கருவி ஒன்று கிடைத்தது. அதிலிருந்து இன்னொரு சில்லை எடுத்தோம். இரண்டையும் தொடராக இணைத்தோம். முதல் முயற்சி தோற்றது. சில்லுகளைத் தரையில் வைத்து அவற்றின்மேல் கொதிநீர்ப் பாத்திரத்தை வைத்தோம். அளவுமானியின் முள் எழுந்தது, சற்று நேரத்தில் தளர்ந்து விழுந்தது. கீழ்முகமும் சூடேறிவிட்டதே காரணம். சூடு எவ்வளவு என்பது கேள்வியன்று. இரு முகங்களுக்கும் இடையே வேற்றுமை எவ்வளவு என்பதே கேள்வி. ஆல்ட்டன்கிர்க் கணக்கிட்டுச் சொன்னதை எங்கள் முள் விழுந்து சொல்லிற்று.

மறுமுறை, பெட்டியிலிருந்து எடுத்த அலுமினிய விசிறிக் கட்டையையே கவிழ்த்து, அதன் மடிப்புகள் கிணற்று நீரில் மூழ்குமாறு ஒரு தாம்பாளத்தில் வைத்தோம். அதன் தட்டையான முதுகின்மேல் சில்லுகள். இடையே வெப்பம் கடத்தும் வெள்ளைப் பசை. மேலே அடி தட்டையான பாத்திரம். நெருப்பில் நேரே காட்டவில்லை. சில்லுக்குள் பற்றவைத்திருக்கும் ஈயப்பற்று 138 பாகையிலேயே உருகிவிடக்கூடியது. கொதிநீரானால் 100 பாகையைத் தாண்டாது. காட்டு வீரர்களுக்குக் கொதிநீர் குளிர்ந்த பக்கம். எங்களுக்கு அதுவே சூடான பக்கம்.

நீரை ஊற்றினோம். முள் எழுந்தது, 3 வோல்ட்டைத் தாண்டி நின்றது. கம்பிகளை வானொலியின் பாட்டரி அறையில் பொருத்தினேன். ஓசையில்லை. "கம்பியை மாற்றிப் பாருங்கள், ஐயா" என்றான் இளைஞன். சிவப்பையும் கறுப்பையும் மாற்றினேன். வானொலி பேசிற்று! அன்னையார் அடுக்களையிலிருந்து எழுந்து வந்தார். வந்தது வெறும் வானிலை அறிக்கைதான். அதைக் கடைசிவரை நின்று கேட்டுவிட்டு, "அன்றைக்கு இது தெரியாமற் போயிற்றே!" என்றார். அரை மணி நேரம் கழித்து நீர் ஆறியது. குரலும் மெல்ல அடங்கிற்று.

இதைக் கேட்டு, இனி மின்நிலையங்களே வேண்டா என்று நீங்கள் எண்ணிவிடக்கூடாது. எங்கள் பாத்திரத்திலிருந்து சில்லுகள் வழியே பாய்ந்த வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்குகூட மின்சாரமாக வானொலியை அடையவில்லை. குளிர்விக்கும் வேலையிலும் இச்சில்லு, அமுக்கியுள்ள பெட்டியைவிட மிகுதியான மின்சாரத்தை விழுங்கும். கடுங்கோடையில் வெளியே 40 பாகை இருந்தால் உள்ளே 20 பாகைக்குக் கொண்டுவருவதே அதற்குப் பெரும்பாடு. இதன் பெருமை வேறு. அசையும் உறுப்பு இல்லாமையால் தேய்மானம் குறைவு. சிறு பாட்டரியிலும் இயங்கும். சிறிய இடத்தில் அடங்கும். அதனால்தான் நம் நாட்டில் கோத்ரெஜ் நிறுவனம், மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் சிற்றூர்களை நினைத்து, மகாராட்டிரக் கிராமத்துப் பெண்களையும் கலந்து வடிவமைத்த 'சோட்டுகூல்' என்னும் சிறு பெட்டியில் இம்முறையையே கையாண்டது. 12 வோல்ட் பாட்டரியிலும் அது இயங்கும். கதவைத் திறந்தால் குளிர்காற்று கீழே வழிந்துவிடும் என்பதால், அதற்கு மூடியை மேற்புறம் வைத்தார்கள். 1977-இல் அமெரிக்கா ஏவிய இரு வாயேஜர் விண்கலங்களும், சூரிய ஒளி பயன்படாத தொலைவுக்குச் சென்ற பின்னும், புளூட்டோனியத்தின் வெப்பத்தை இதே முறையில் மின்சாரமாக்கியே பல பத்தாண்டுகள் பூமிக்குச் செய்தி அனுப்பி வந்திருக்கின்றன. அங்கே பயன்பட்டதும் சீபெக்கின் வளையம் கற்பித்த உண்மையே.

மாணவ நண்பர்களே, அந்த இரவில் எங்களுக்குக் குறைவாக இருந்தது பொருள் அன்று. விளக்கு இருந்தது, நீர் இருந்தது, சில்லும் இருந்தது. லென்ஸ் தன் மின்சாரத்தின் திசையை மாற்றினாரே, அந்த ஒரு சோதனையை நான் அறியாதிருந்ததே குறை. வரலாறு என்பது மன்னர்கள் பட்டம் சூடிய ஆண்டுகளை ஒப்பிப்பது என்று என் மாணவர்களுள் சிலர் நினைத்தார்கள். அவ்வாறு நினைக்கும்படி நான் கற்பித்ததும் உண்டு. முன்னோர் எதைக் கண்டார்கள், கண்டதை எப்படித் திருப்பிப் பார்த்தார்கள் என்று அறிவதும் வரலாறுதான். உங்கள் வீட்டில் கெட்டுப்போன ஒரு கருவியைப் பழைய இரும்புக்குப் போடுமுன், மின்தொடர்பை அகற்றிவிட்டு, விவரம் அறிந்த பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஒருமுறை திறந்து பாருங்கள். உள்ளே கெட்டது எது, கெடாதது எது என்று பிரித்தறியுங்கள்.

எங்கள் சில்லுகள் இரண்டும் இப்பொழுது அந்த அலுமினியக் கட்டையோடு அன்னையாரின் அலமாரியில் இருக்கின்றன. பக்கத்தில் வானொலி இருக்கின்றது. ஐப்பசி பிறந்தால் பசையும் கம்பிகளும் சரியாக இருக்கின்றனவா என்று அன்னையார் என்னை ஒருமுறை பார்க்கச் சொல்கின்றார்.